பலகாரக்கடை எண்ணெயில் பம்புசெட் ஓட்டலாமா? வீட்டு பயோடீசல் பற்றிச் சில கேள்விகள்

கிணத்துக்கடவுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இருப்பது அப்பா காலத்து 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், மெதுவாக டக் டக் என்று ஓடுகிற ரகம். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறோம், எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது, டீசல் 90 ரூபாய்க்கு மேல் போய் வெகு நாளாகிவிட்டது, கோடையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டாலே கை கடிக்கிறது.

மச்சான் பொள்ளாச்சியில் பலகாரக்கடை வைத்திருக்கிறார். முறுக்கு, மிக்சர், காராபூந்தி எல்லாம் பாமாயிலில்தான். வாரத்துக்கு இரண்டு டின் போல கழிவு எண்ணெய் மிஞ்சுகிறது, யாரோ ஒருவர் வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார், எங்கே போகிறது என்று மச்சானுக்குத் தெரியாது. யூடியூபில் பார்த்தால் ஒரு பாட்டிலில் எண்ணெயை ஊற்றி என்னமோ கலந்து குலுக்கி பயோடீசல் ரெடி என்கிறார்கள். மூன்று கேள்வி. எண்ணெயை வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றினால் என்ன ஆகும்? பயோடீசலாக மாற்றுவது வீட்டில் நடக்கிற காரியமா? அதற்கான மெத்தனால் எங்கே கிடைக்கும்?

மதுரை மெக்கானிக்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அப்படியே ஊற்றினாலும் இன்ஜின் ஓடும், முதல் வாரம் நன்றாகவே ஓடும், அதை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு வரை கெட்டி. நாசில் அதைப் புகையாகத் தூவ வேண்டும், ஆனால் கெட்டி எண்ணெய் பெரிய துளியாக விழும். விழுந்தது முழுக்க எரியாது. கொஞ்ச நாள் கழித்து நாசிலைக் கழற்றினால் நுனியில் காளான் முளைத்த மாதிரி கரி சுற்றி நிற்கும். அப்புறம் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எரியாத எண்ணெய் சுவர் வழியாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும், அந்த ஆயில் கெட்டிப்பட்டுவிட்டால் பேரிங்குக்குப் போக வேண்டியது போகாது. அன்றைக்கு வரும் செலவில் இரண்டு வருடத்து டீசல் வாங்கலாம்.

நேரடி எண்ணெயில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் இரண்டு டேங்க் வைப்பார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் சூட்டில் எண்ணெயை நன்றாகக் காய்ச்சி, சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்து பைப்பெல்லாம் கழுவிவிட்டு அணைக்க வேண்டும். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? மோட்டார் ரூமுக்குப் போய் நிறுத்துவதே பாதி நாள் பண்ணையாள் வேலை.

தஞ்சை பெரியப்பா:

டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே கடலை எண்ணெயில்தான் அதை ஓட்டிக் காட்டினார், 1900 பாரிஸ் கண்காட்சியில். பிறகு ஏன் எண்ணெய் ஆகாது என்கிறீர்கள்?

வேதியியல் டீச்சர்:

பெரியப்பா, அங்கே கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது பிரான்சின் ஓட்டோ கம்பெனி, டீசல் பிற்பாடு அதைப் பற்றி எழுதினார். அன்றைக்கு இருந்த இன்ஜின் வேறு, அதன் பம்பும் நாசிலும் வேறு. எண்ணெயை வேதிமுறையில் மாற்றிப் பயன்படுத்தும் யோசனை 1937இல் பெல்ஜியத்தில் காப்புரிமை ஆகிவிட்டது, அடுத்த வருடம் பிரசல்சுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பஸ்ஸை அதில் ஓட்டினார்கள். அதுவும் பாமாயில்தான், மச்சான் கடைச் சரக்கேதான்!

தம்பி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவது. அதனால்தான் அது கெட்டி. மெத்தனாலும் ஒரு காரமும் சேர்ந்தால் மூன்று சங்கிலியும் கழன்று ஒவ்வொன்றும் ஒரு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல். கிளிசரின் தனியே பிரிந்து அடியில் தங்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி 1.26, பயோடீசலுடையது 0.88 அளவில்தான். காரம் என்று நான் சொல்வது காஸ்டிக் சோடா, இல்லையென்றால் காஸ்டிக் பொட்டாஷ். அது வினையைத் தூண்டிவிட மட்டும்தான்.

புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால், 3.5 கிராம் காஸ்டிக் சோடா. பொரித்த எண்ணெயில் விஷயம் மாறும். சட்டியில் திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் உடைந்து தனி அமிலங்கள் உண்டாகும், மாவில் இருக்கும் தண்ணீரும் அதற்கு உதவி செய்யும். அந்த அமிலம் முதலில் காஸ்டிக்கைத் தின்றுவிட்டு சோப்பாக மாறும். எவ்வளவு தின்னும் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒன்று வினை பாதியில் நிற்கும், இல்லையென்றால் பாத்திரம் முழுக்க சோப்புக் கூழ். அந்த யூடியூப் ஆள் இதைத்தான் சொல்லாமல் விட்டிருப்பார்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் டைட்ரேஷன், பிளஸ் டூவில் பியூரெட் பிடித்தவர்களுக்குச் சுலபம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்துக்கொள்ள வேண்டும். 10 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரே ஒரு மில்லி எண்ணெயைக் கரைத்து, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் சிவப்பு வந்து கால் நிமிடமாவது போகாமல் நின்றால் போதும். எத்தனை மில்லி செலவானதோ அத்தனை கிராம் காஸ்டிக் லிட்டருக்குக் கூடுதல். 2 மில்லி என்றால் 3.5 உடன் 2, மொத்தம் 5.5 கிராம்.

அதற்கு முன் எண்ணெயில் தண்ணீர் இருக்கக் கூடாது. வடிகட்டிய பின் 110 டிகிரி வரை காய்ச்சி, சடசடப்பு அடங்கும்வரை வைத்திருந்து, பிறகு 55க்கு ஆறவிட வேண்டும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், அதனால் 55க்கு மேல் போகவே கூடாது. காஸ்டிக்கை மெத்தனாலில் கரைப்பது தனியாக, மூடிய கேனில். அது தானாகவே சூடேறும், திகைக்க வேண்டாம். இந்தக் கலவையை எண்ணெயில் சேர்த்து மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, ஒரு ராத்திரி முழுக்கத் தெளியவிட்டால் அடியில் காபி நிறத்தில் கிளிசரின், மேலே பொன்னிறத்தில் பயோடீசல்.

அலுமினியப் பாத்திரம் எதுவும் கிட்டவே வரக் கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர், இல்லையென்றால் கெட்டியான வெள்ளை எச்டிபிஇ பிளாஸ்டிக் கேன்.

கிணத்துக்கடவுக்காரன்:

டீச்சர், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் மெத்தனால் லேப் கடையில் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது, இல்லையா? அடுப்பு விறகு அடுப்புதான், பரவாயில்லையா?

வேதியியல் டீச்சர்:

விறகு அடுப்பா! வேண்டவே வேண்டாம். மெத்தனால் ஆவி தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் தணலைத் தொட்டால் போதும், நெருப்பு கேன் வரை திரும்பி வரும். அதன் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது, உன் கை வெந்த பிறகுதான் தெரியும். சூடேற்ற மின் ஹீட்டர் மட்டும், அதுவும் எண்ணெய்க்கு மட்டும், திறந்த வெளியில். பக்கத்தில் பீடி, ஸ்விட்ச் பொறி எதுவும் கூடாது.

தின்னர் யூனிட்:

டீச்சர் சமையல் குறிப்பைச் சொல்லிவிட்டார், நான் சட்டியை இறக்குகிறவன். மன்னிக்கவும். 

நான் சிட்கோ பேட்டையில் பெயின்ட் தின்னர் தயாரிக்கிறவன், மெத்தனால் உரிமத்தோடு வாங்குகிறவன். தமிழ்நாட்டில் மெத்தனால் லேப் கடையில் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. 1959இலிருந்து இதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த, எடுத்துச் செல்ல எல்லாவற்றுக்கும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மிச்சம் எவ்வளவு என்று இருப்புப் பதிவேடு எழுத வேண்டும், எந்த நேரமும் ஆய்வுக்கு வருவார்கள். காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் கள்ளச்சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல். இரண்டு தடவையும் சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 15 கிலோ டின் என்றால் எண்ணெய் 16 லிட்டர் சொச்சம். ஒரு டின்னுக்கு மெத்தனால் 3.3 லிட்டர், வாரம் இரண்டு டின் என்றால் மாதத்துக்கு 26 லிட்டருக்கு மேல். தோட்டத்து ஷெட்டில் வெள்ளை கேனில் தண்ணீர் மாதிரி நிற்கும். வாசனையும் சாராய வாசனைதான். 10 மில்லி உள்ளே போனால் கண் போகலாம், 30 மில்லி உயிரையே வாங்கலாம். பண்ணையாளோ, ராத்திரி மோட்டார் ரூமில் படுக்க வருகிறவரோ அதை எடுத்துக் குடித்துவிட்டால் அப்புறம் பயோடீசல் பற்றி யார் பேசப்போகிறார்கள்? பயோடீசலை வெறுத்து இதை எழுதவில்லை, என் யூனிட்டில் மெத்தனால் அறைக்கு இரட்டைப் பூட்டு.

தஞ்சை பெரியப்பா:

மெத்தனால் வேண்டாம் என்றால் எத்தனால் போட்டால்? பெல்ஜியத்துக்காரன் அதில்தானே செய்தான்?

வேதியியல் டீச்சர்:

பெரியப்பா சரியாகவே பிடித்தீர்கள், அவர்கள் செய்தது எத்தில் எஸ்டர்தான். ஆனால் அதற்குத் தண்ணீர் துளியும் இல்லாத எத்தனால் வேண்டும். சாதாரண ரெக்டிபைடு ஸ்பிரிட்டில் ஐந்து சதவீதம் தண்ணீர் இருக்கும், அது போதும் எல்லாம் சோப்பாவதற்கு. கிளிசரினும் அதில் சுலபமாகப் பிரியாது. போதாததற்கு எத்தனாலும் அதே துறையின் கட்டுப்பாட்டில் வருகிற சரக்குதான். சானிடைசர் ஊற்றலாமா என்று அடுத்து யாரும் கேட்டுவிடாதீர்கள்.

சிப்ஸ்கடைப் பக்கம், லண்டன்:

இங்கே நிலைமை வேறு, அதனால் சொல்கிறேன். பிரிட்டனில் சொந்தப் பாவனைக்கு வருடத்துக்கு 2,500 லிட்டர் வரை செய்தால் எரிபொருள் வரி இல்லை, பதிவும் தேவையில்லை. கணக்கு மட்டும் எழுதி வைக்க வேண்டும். மெத்தனாலும் டிரம்மில் வாங்கலாம். நண்பர் ஒருவர் மீன் பொரிக்கிற கடைகளில் எண்ணெய் எடுத்துக் கொல்லையில் செய்கிறார், பழைய டீசல் வான் ஒன்று அதில்தான் ஓடுகிறது.

அவர் படுகிற பாடு முழுக்கக் குளிரில்தான். பாமாயில் பொரித்த கடை எண்ணெயில் செய்தால் கார்த்திகை பிறந்தவுடனேயே கலங்கி வெள்ளை வெள்ளையாக மெழுகு கட்டும், பில்டர் அடைத்துக்கொள்ளும். பாமாயில் பயோடீசல் 13, 15 டிகிரியிலேயே மங்கத் தொடங்கும். கடுகு இனத்து எண்ணெய் என்றால் உறைநிலைக்குக் கீழேயும் சமாளிக்கும். பொள்ளாச்சியில் உங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது அண்ணை, ஊட்டியில் இருந்தால் யோசிக்க வேணும்.

ஊரில் 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் எடுக்கக் கார்பரேட்டருக்குள் நாலு சொட்டு பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய். தேவை வந்தால் என்னவும் ஓடும். ஆனால் ஓடிய இன்ஜினின் ஆயுசு என்னவாயிற்று என்று அந்தக் காலத்து மெக்கானிக்குகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் வேதியியல் பேசுகிறீர்கள், நான் காசு பேசுகிறேன். கழிவு எண்ணெய் சும்மா வருகிறது என்ற நினைப்பிலேயே எல்லாக் கணக்கும் ஓடுகிறது. அது சும்மா இல்லை. வண்டியில் வருகிறவர் மச்சானுக்கு டின்னுக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தானே எடுக்கிறார்? அந்தக் காசை விட்டுக்கொடுப்பதும் உங்கள் செலவுதான். அதன் மேல் மெத்தனால், காஸ்டிக், ஹீட்டர் கரண்ட், கழுவத் தண்ணீர், கேன், கையுறை. 100 லிட்டர் எண்ணெய் போட்டால் கழிவு போக 90 லிட்டர் பயோடீசல் கையில் நின்றால் கெட்டிக்காரத்தனம், அதிலும் டீசலைவிட லிட்டருக்கு எட்டு சதவீதம் போல சக்தி குறைவு.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் கழிவு எண்ணெயில் செய்த பயோடீசலுக்கு முதல் வருடம் லிட்டர் 51 ரூபாய், இரண்டாம் வருடம் 52.70, மூன்றாம் வருடம் 54.50 என்று விலை அறிவித்துக் கொள்முதலுக்கு அழைத்தன. அன்றைக்கு மூலப்பொருள் மலிவாக இருந்தும், பெரிய ஆலை வைத்திருந்தவர்களே கட்டுப்படியாகிறதா என்று யோசித்தார்கள். தோட்டத்து ஷெட்டில் மட்டும் எப்படிக் கட்டும்? 

கிணத்துக்கடவுக்காரன்:

மச்சானைக் கேட்டேன். டின்னுக்குக் காசு வாங்குகிறார்தான், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் எடுத்துப் போகிறவர் அதை மறுபடி தள்ளுவண்டிக் கடைகளுக்கு விற்பதாக ஊரில் பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து அந்த ஆளிடம் கொடுக்கவே மனம் வரவில்லை.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் மகன்:

அந்தப் பேச்சில் பாதியாவது உண்மையாக இருக்கும். ஒரு கடையில் கறுத்த எண்ணெயை இன்னொரு கடை பாதி விலைக்கு வாங்கிப் புது எண்ணெயோடு கலக்கும், வடையின் நிறத்தில் தெரியாது, மறுநாள் நெஞ்செரிச்சலில்தான் தெரியும். இதைத் தடுக்கத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது உண்டாகிற மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் ரூக்கோ என்ற திட்டமும் வந்தது, கடைகளின் கழிவு எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்புவது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துகிற கடை 2019 மார்ச்சிலிருந்து கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். மச்சான் கடை அவ்வளவு பெரிதில்லை என்றாலும் அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பக்கம் யார் எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

25 சதவீதம் தாண்டியதா என்று பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது, சூடான எண்ணெயில் முக்கினால் எண் காட்டும். அது இல்லாவிட்டாலும் சட்டியில் நுரை அடங்காமல் பொங்குவது, சூடேறுவதற்கு முன்பே புகைவது, ஓரத்தில் பிசின் மாதிரி ஒட்டுவது இதெல்லாம் எண்ணெய் செத்துப்போனதற்கு அடையாளம்தான்.

தஞ்சை பெரியப்பா:

இதையெல்லாம் கேட்கும்போது காட்டாமணக்கு ஞாபகம் வருகிறது. 2000க்குப் பிறகு ஊர் ஊராக வந்து தரிசில் காட்டாமணக்கு போடுங்கள், பயோடீசல், கோடி கோடி என்றார்கள். போட்டவர்கள் காயைப் பறிக்கும் கூலிக்குக்கூடத் தேறாமல் பிடுங்கிப் போட்டார்கள். அதனால் பயோடீசல் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மதுரை மெக்கானிக்:

பெரியப்பா, காட்டாமணக்கில் தோற்றது விவசாயக் கணக்கு. பயோடீசல் பெயரைக் கெடுத்ததும் அதுதான். சரக்கு சரியாகச் செய்தால் நல்ல சரக்குதான். ஒழுங்காகக் கழுவிய பயோடீசல் போட்ட இன்ஜினில் பம்ப் சத்தம் குறைந்திருப்பதை நானே கேட்டிருக்கிறேன், வழுவழுப்பு டீசலைவிட அதிகம். புகையும் குறையும், பின்னால் நின்றால் அப்பளம் பொரிக்கிற வாசனை வரும்.

ஆனால் இரண்டு மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பயோடீசல் ஒரு நல்ல கழுவி. பழைய டேங்கில் பல வருடமாகப் படிந்திருக்கும் கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து பில்டரில் அடைக்கும். முதல் சில டேங்குக்கு பில்டர் கையில் தயாராக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் ஊதிப் பிசுபிசுத்துவிடும், பயோடீசலைத் தாங்கும் விட்டான் என்ற ரப்பர் வகை ஹோஸ் போட வேண்டும். செம்பு, பித்தளை குழாயில் நாள்கணக்கில் நின்றால் எரிபொருள் கெடும், அதனால் இரும்புக் குழாய். சேமித்து வைப்பதும் ஆறு மாதத்துக்குள்தான், அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், பிறகு பாசி மாதிரி அடியில் படரும்.

புது பிஎஸ்6 கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டால், வேண்டாம். அந்தக் கார்கள் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாக ஒரு தடவை எரிபொருள் தெளிக்கும். பயோடீசல் சுலபமாக ஆவியாகாது, சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். நான் சொன்னதெல்லாம் கிணற்று இன்ஜின், பழைய ஜீப் வகையறாவுக்குத்தான்.

கிணத்துக்கடவுக்காரன்:

சரி, மெத்தனால் விஷயத்தில் தின்னர் அண்ணன் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. ஷெட்டில் மெத்தனால் வைக்கப்போவதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. ஆனால் ஆசை விடவில்லை. பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி வேதியியல் துறையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர்களிடம் மெத்தனாலும் அனுமதியும் இருக்கிறது. முறுக்குக் கடை எண்ணெயையும், பஸ் ஸ்டாண்ட் சிக்கன் 65 கடை எண்ணெயையும் கொடுத்து டைட்ரேஷன் மட்டும் பார்க்கச் சொன்னேன். முறுக்கு எண்ணெய் 1.8 மில்லி, சிக்கன் எண்ணெய் 6.2 மில்லி. இதில் என்ன தெரிகிறது டீச்சர்?

வேதியியல் டீச்சர்:

அருமை! மச்சான் எண்ணெய் நல்ல எண்ணெய். 3.5 உடன் 1.8, லிட்டருக்கு 5.3 கிராம் காஸ்டிக் சோடா. காஸ்டிக் பொட்டாஷ் என்றால் 1.4ஆல் பெருக்கு, 7.4 கிராம். ஆனால் பொட்டாஷ் செதில் முழுச் சுத்தமாக வராது, 88 சதவீதம் என்று டப்பாவில் போட்டிருந்தால் 8.4 கிராம் எடுக்க வேண்டும். எனக்குப் பொட்டாஷ்தான் பிடிக்கும், மெத்தனாலில் சீக்கிரம் கரையும், கிளிசரினும் ஆறிய பிறகு கெட்டியாகாமல் திரவமாகவே நிற்கும், வடிப்பது சுலபம். சோடா போட்டால் சில சமயம் அடியில் கல்லாக இறுகிவிடும்.

சிக்கன் எண்ணெய் 6.2 என்றால் நேரடியாகக் காரம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதை முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் போட்டு அமில முறையில் ஒரு தடவை மாற்றி, அமிலத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகுதான் காரத்துக்கு வர வேண்டும். இரண்டு கட்ட வேலை. இறைச்சியும் மசாலாவும் தண்ணீர் விடும், சட்டி நாள் முழுக்கக் கொதிக்கும், எண்ணெய் உடையத்தான் செய்யும். முறுக்கு மாவு அவ்வளவு தண்ணீர் விடாது, அதுவும் கடைக்காரர் எண்ணெயைக் காலத்தில் மாற்றுகிறார் போலிருக்கிறது. மச்சானிடம் நான் பாராட்டியதாகச் சொல். 

கல்லூரியில் ஒரு லிட்டர் செய்து தந்தால் கட்டாயம் 3/27 சோதனை செய்யச் சொல். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் ஊற்றிக் கலக்கிவிட்டு நிற்க வைக்க வேண்டும். பயோடீசல் மெத்தனாலில் முழுக்கக் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. அடியில் ஒரு துளி எண்ணெய் உருண்டு நின்றால்கூட வினை முடியவில்லை என்று அர்த்தம்.

சிப்ஸ்கடைப் பக்கம், லண்டன்:

கழுவுகிறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே. என் நண்பர் பாதி வார இறுதியை அதிலேயே தொலைக்கிறார். உள்ளே சோப்பும் மிச்ச மெத்தனாலும் காரமும் இருக்கும், கழுவாமல் போட்டால் நாசிலில் சாம்பல் படியும். முதல் தண்ணீரை மெல்லத் தூவ வேணும், அடித்துக் கலக்கினால் மயோனைஸ் மாதிரி ஆகி நாள் கணக்கில் பிரியாது. 

வேதியியல் டீச்சர்:

ஆமாம், சரியான இடத்தைத் தொட்டீர்கள். இங்கே கூடுதலாக ஒரு சிக்கல், போர்வெல் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாக மிதக்கும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் பிரச்சினையே இல்லை, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, பிறகு லேசாகச் சூடாக்கிக் காற்றோட்டத்தில் விட்டு ஈரத்தைப் போக்க வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அதன் வழியே செய்தித்தாளைப் படித்துப் பார், எழுத்து தெளிவாகத் தெரிந்தால் காய்ந்துவிட்டது. 

கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது. மெத்தனாலும் காரமும் சோப்பும் கலந்த தண்ணீர் அது, கிணற்றுக்குப் போனால் நீ குடிக்கிறது அதைத்தான்.

கணக்குப்பிள்ளை:

பார்த்தீர்களா, கழுவுகிற தண்ணீர் கணக்கில் வரவே இல்லை, அதை எங்கே கொட்டுவது என்ற கணக்கும் வரவில்லை. நான் சொல்வது இதுதான். வாரம் 32 லிட்டருக்கு ஷெட், ஹீட்டர், டேங்க், அனுமதி எல்லாம் கட்டாது. பொள்ளாச்சியில் பலகாரக்கடையும் ஓட்டலும் எத்தனை இருக்கும்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எதாவது சேர்ந்து எல்லா எண்ணெயையும் ஓரிடத்தில் எடுத்து, ஒரே ஒரு உரிமத்தில், ஒரே ஒரு பூட்டிய மெத்தனால் அறையில் செய்தால் யோசிக்கலாம். உறுப்பினர்கள் எண்ணெய் கொடுத்து எரிபொருள் எடுத்துப் போகட்டும்.

தின்னர் யூனிட்:

அது நடக்கக்கூடிய யோசனை. ஆனால் வெளியே விற்கத் தொடங்கினால் வேறு விதிகள் வரும். மத்திய அரசு 2019இல் பயோடீசல் விற்பனைக்கு வழிகாட்டு முறை வெளியிட்டது, கலக்காத பயோடீசலுக்கு ஐஎஸ் 15607 என்ற இந்தியத் தரம் வேண்டும். ரோட்டோரத்தில் டிரம் வைத்து விற்பவர்களைப் பிடித்ததெல்லாம் அதனால்தான். உறுப்பினருக்குள் என்றாலும் வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் உயிரி எரிபொருள் பற்றி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் எங்களைக் கேட்பதைவிட ஒரு நாள் நேரில் போய் வாருங்கள்.

மதுரை மெக்கானிக்:

தம்பி, அதுவரை சும்மா இருக்க முடியாது என்றால் ஒரு வழி. கல்லூரியில் செய்து தருகிற சரக்கைத் தனியாகப் போடாதீர்கள், ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல், மீதி டீசல். இன்ஜினுக்கும் ஹோஸுக்கும் அது பெரிய தொல்லை தராது. முறுக்கு எண்ணெயை அப்படியே வடிகட்டிக் கலக்குவதை மட்டும் செய்யாதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்கிறார் என்று சொன்னாலும். அவர் நாசிலைக் கழற்றும் நாளில் எனக்குப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கிணத்துக்கடவுக்காரன்:

அந்தத் தோட்டத்துக்காரர் உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா! ஆமாம், அவர் கலந்துதான் ஓட்டுகிறார். சொல்லிப் பார்க்கிறேன், கேட்க மாட்டார்.

மச்சான் அங்கீகாரம் பெற்ற ஆளிடம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தாயிற்று. ஒரு டின் மட்டும் கல்லூரிக்கு. அவர்கள் மாணவர்களை வைத்துச் செய்து பார்க்கிறோம் என்றார்கள், பயோடீசலை எனக்குத் தருவார்கள். கிளிசரினையும் எடுத்துப் போங்கள், சோப்பு செய்யலாம் என்று ஒரு பையன் சொன்னான். வீட்டில் கேட்டதிலிருந்து அம்மா ஆவலாக இருக்கிறார். எடுக்கலாமா?

வேதியியல் டீச்சர்:

அந்தக் கிளிசரினில் மிச்ச மெத்தனால் பெரும்பகுதி இருக்கும், காஸ்டிக்கும் இருக்கும். அம்மா கையில் கொடுத்துவிடாதே. கல்லூரியிலேயே மெத்தனாலைக் காய்ச்சி வடித்து எடுத்த பிறகு, பொட்டாஷ் போட்டுச் செய்ததாக இருந்தால் மட்டும், அமிலத்தால் காரத்தைச் சமன்செய்து கம்போஸ்ட் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், பொட்டாசியம் மண்ணுக்கு நல்லது. சோடா போட்டுச் செய்ததென்றால் தென்னைக்குப் போடாதே, அந்த உப்பு வேருக்கு ஆகாது. விறகோடு சேர்த்து எரிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதே, குறைந்த சூட்டில் கிளிசரின் எரிந்தால் அக்ரோலின் என்ற விஷப்புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். பொட்டாஷா சோடாவா என்று முதலில் அவர்களைக் கேட்டு இங்கே எழுது, மற்றதை அப்புறம் சொல்கிறேன்.